பெறுநர் இல்லாத முடிவுரை

பக்கம் கட்டும் நேரத்தில், இரவு எட்டு மணிக்கு மேல், திடீரென்று ஒரு கால் பக்க விளம்பரம் வந்து உட்காரும். வடிவமைப்பாளர் திரும்பிப் பார்த்து, ‘பன்னிரண்டு வரி கூடுது சார்’ என்பார். செய்தியாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அடியிலிருந்து பன்னிரண்டு வரியை எடுத்துவிடலாம். எடுத்தாலும் குடிமுழுகிப் போகாத விஷயத்தைத்தான் நிருபரும் அடியில் வைத்திருப்பார். கருத்துக் கட்டுரை என்றால் தயக்கம் வரும். படிப்பவரை ஒரு முடிவுக்குச் சம்மதிக்க வைப்பதற்காக எழுதப்பட்டது அது. எழுதியவர் வந்த காரியத்தைச் சொல்லும் இடம் கடைசிப் பத்தி.

அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். ஓர் இரவு வேறு வழியில்லாமல், கண்மாய்களைப் பற்றிய ஒரு கட்டுரையின் கடைசிப் பத்தியை முழுசாக எடுத்துவிட்டேன். எழுதியவர் விஷயம் தெரிந்தவர். மடை எங்கே அடைபட்டது, கலிங்கு எப்போது உடைந்தது, வரத்துக்கால் எந்த இடத்தில் வீட்டுமனையானது என்று நடந்து பார்த்து எழுதியிருந்தார். மறுநாள் காலையில் அவருடைய அழைப்பு வந்தபோது என்ன சமாதானம் சொல்வது என்று தெரியாமல்தான் தொலைபேசியை எடுத்தேன். கட்டுரை அருமையாக வந்திருக்கிறது என்று நன்றி சொன்னார். பத்தி காணாமல் போனதை அவர் கவனிக்கவே இல்லை. அந்தப் பத்தியில் இருந்தது இவ்வளவுதான்: நீர்நிலைகள் முன்னோர் விட்டுச்சென்ற சொத்து, அவற்றைக் காப்பது நம் அனைவரின் கடமை, இனியாவது விழித்துக்கொள்வோம்.

எழுதியவருக்கே நினைவில் நிற்காத முடிவுரை, படித்தவரை என்ன செய்யச் சொல்லும்? மடையைச் சரிசெய்ய வேண்டியவர் நீர்வளத் துறைப் பொறியாளரா, ஊராட்சித் தலைவரா? மனை போட்டவர்மேல் கை வைக்க வேண்டியவர் வட்டாட்சியரா? வெயிலில் அலைந்து அத்தனை விவரம் சேர்த்தவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் எழுதவில்லை. முடிவுரை என்றாலே கொஞ்சம் உயரத்தில் ஏறி நின்று ஊரையே பார்த்துப் பேச வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குப் பழக்கம்.

நம் முடிவுரைகளின் கடைசி வினைச்சொல்லை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றே வகையில் அடங்கிவிடும். முதலாவது, ‘காப்போம்’, ‘ஒழிப்போம்’, ‘உறுதியேற்போம்’. இரண்டாவது, ‘நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்’, ‘விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்’. மூன்றாவது, எங்கள் தொழிலுக்கே உரியது: ‘அரசு செவிசாய்க்குமா?’ இந்த மூன்றாவதை நானே கணக்கில்லாமல் எழுதியிருக்கிறேன். அழைப்பு மணியை அடித்துவிட்டு ஓடிப்போகும் பையனுடைய வேலை அது. கதவைத் திறப்பவருக்கு வந்தது யார், என்ன வேண்டும் என்பது தெரியவே போவதில்லை.

செயப்பாட்டு வினையின் வசதி எல்லோருக்கும் தெரிந்தது. ‘எடுக்கப்பட வேண்டும்’ என்றால் எடுக்க வேண்டியவர் பெயரைச் சொல்லாமலே தப்பித்துவிடலாம். ‘-ஓம்’ விகுதி அதைவிட நுட்பமான ஏமாற்று. தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளும் அருமையான சொல் அது. அதை ஏழு கோடிப் பேருக்கு நீட்டினால் ஒருவர் தலையிலும் எதுவும் விழாது. ‘நெகிழியை ஒழிப்போம்’ என்று கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கிய மாணவி, நெகிழி உறையில் சுற்றிய சான்றிதழோடு வீட்டுக்குப் போகிறாள். அவள்மேல் தவறில்லை. அவள் எழுதிய ‘நாம்’ என்பதில் அவளும் இருந்தாள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முடிவுரை எழுதுவதைப் பற்றி நான் ஏதாவது கற்றுக்கொண்டேன் என்றால் அது ஆட்சியர் அலுவலக வாசலில்தான். திங்கட்கிழமைகளில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். வாசலில் வேப்பமரத்தடியில் மனு எழுதுபவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வேறு ஒரு செய்திக்காகப் போய்க் காத்திருந்த நான், ஒரு பெரியவர் மனு எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. பக்கத்துக் காட்டுக்காரர் வண்டிப்பாதையை உழுது சேர்த்துக்கொண்டார்.

‘எம் புருசன் இருந்த வரைக்கும் ஒருத்தனும் வாயத் தொறக்கல...’

‘அது இருக்கட்டும் ஆத்தா. கலெக்டர் என்ன செய்யணும்? அதச் சொல்லு.’

‘அவனக் கூப்பிட்டு நல்லாக் கேக்கணும்.’

‘கேட்டுட்டு அனுப்பிட்டா? பாதை வந்துருமா?’

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘அளந்து கல்லு நடணும்’ என்றார்.

‘ஆங். இதத்தான் மொதல்ல சொல்லணும்.’

பெரியவர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்த வரியை முதலில் எழுதி வைத்துக்கொண்டார். இன்ன சர்வே எண்ணில் உள்ள பாதையை நில அளவர் மூலம் அளந்து எல்லைக்கல் நட்டுத் தருமாறு. அதற்குப் பிறகுதான் வெள்ளைத் தாளை எடுத்து, அனுப்புநர், பெறுநர், பொருள் என்று மேலேயிருந்து தொடங்கினார். கணவர் இறந்தது ஒரு வரியில் வந்தது. பக்கத்துக் காட்டுக்காரரின் குணநலன் பற்றி அம்மா சொன்ன எதுவும் வரவில்லை. கல் நடுவதற்கு எவ்வளவு கதை தேவையோ அவ்வளவு கதைதான் மனுவில் இருந்தது. ‘கலெக்டர் இத வாசிக்க மாட்டாருங்க, தாசில்தாருக்குத் தள்ளி விடுவாங்க. தாசில்தார் கடைசி ரெண்டு வரிதான் பாப்பாரு’ என்று என்னைப் பார்த்துச் சொன்னார். முடிவை முதலில் எழுதி, மற்றதை அதற்கு ஏற்றபடி நறுக்கும் இந்த வித்தையை எந்த இதழியல் வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

நீதிமன்றத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், கட்டளை 7, விதி 7: வழக்கு போடுகிறவர் தனக்கு வேண்டிய பரிகாரத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். வழக்கறிஞர்கள் அந்தப் பகுதியை ‘பிரேயர்’ என்பார்கள். இளம் வழக்கறிஞர் நாற்பது பக்கம் தயாரித்துக்கொண்டு வந்து நீட்டினால், மூத்தவர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், ‘பிரேயர் என்னய்யா?’ என்றுதான் கேட்பார். அது சரியில்லை என்றால் முப்பத்தொன்பது பக்கமும் வீண். கருத்துக் கட்டுரை எழுதுகிற நாமும் வழக்காடத்தான் வருகிறோம். பிரேயரை மட்டும் எழுத மறந்துவிடுகிறோம்.

வரலாற்றில் பேசப்படும் முடிவுரைகளில் இந்தப் பிரேயர் எவ்வளவு கறாராக இருக்கிறது என்று பார்க்கலாம். 1922 மார்ச் 18 அன்று அகமதாபாத்தில் காந்தி குற்றவாளிக் கூண்டில் நின்றார். ‘யங் இந்தியா’வில் எழுதிய மூன்று கட்டுரைகளுக்காக ராஜத்துரோக வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு, எழுதி வைத்திருந்த அறிக்கையை வாசித்தார். பருத்தி நூற்பு அழிந்தது, கிராமங்கள் வறண்டது, விசுவாசமான குடிமகனாக இருந்த தான் எப்படி மாறினார் என்பது எல்லாம் அதில் உண்டு. முடிவில் தேசமும் இல்லை, உலகமும் இல்லை. எதிரில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்தான் இருந்தார். நீதிபதி புரூம்ஃபீல்டுக்கு இரண்டு வழிதான் இருக்கிறது என்றார் காந்தி. இந்தச் சட்டம் தீயது என்று நினைத்தால் பதவியை விட்டு விலக வேண்டும். நல்லது என்று நினைத்தால் தனக்கு அதிகபட்சத் தண்டனை கொடுக்க வேண்டும். நடுவில் நழுவ இடமே வைக்கவில்லை. புரூம்ஃபீல்டு ஆறு ஆண்டுகள் கொடுத்தார். கொடுக்கும்போதே, அரசு பின்னால் இதைக் குறைத்தால் தன்னைவிட மகிழ்பவர் யாரும் இருக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். அந்த முடிவுரை அவரை எங்கே தொட்டிருக்கிறது என்பது இந்தப் பதிலிலேயே தெரிகிறது.

அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் முன்பு, 1898 ஜனவரி 13 அன்று, பாரீஸில் ‘லோரோர்’ பத்திரிகையின் முதல் பக்கத்தில் எமில் ஸோலாவின் கடிதம் வந்தது. பெறுநர், பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஃபெலிக்ஸ் ஃபோர். யூத அதிகாரி டிரைஃபஸ் செய்யாத உளவுக் குற்றத்துக்காக டெவில்ஸ் தீவில் கிடந்தார். உண்மையில் குற்றம் செய்த எஸ்தராஸியை ராணுவ நீதிமன்றம் இரண்டு நாளுக்கு முன்புதான் விடுவித்திருந்தது. ஸோலா வழக்கின் கதையை நீளமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இந்தத் தளபதி இன்னது செய்தார் என்று குற்றம் சாட்டுகிறேன், அந்தத் தளபதி இன்னதை மறைத்தார் என்று குற்றம் சாட்டுகிறேன். கையெழுத்து நிபுணர்கள் மூன்று பேரைக்கூட விடவில்லை. அதோடும் நிறுத்தவில்லை. இப்படி எழுதியதால் 1881ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தின் 30, 31ஆம் பிரிவுகளில் என்மேல் அவதூறு வழக்குப் போடலாம் என்று பிரிவு எண்ணையும் தானே எடுத்துக் கொடுக்கிறார். என்னை நீதிமன்றத்துக்கு இழுங்கள், காத்திருக்கிறேன் என்று முடிக்கிறார். கடைசியில் அடுக்கி வந்த ‘குற்றம் சாட்டுகிறேன்’ என்ற அந்தச் சொல்லையே எடுத்துப் பெரிய எழுத்தில் தலைப்பாக வைத்தது பத்திரிகை. அந்த யோசனை, பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இருந்த கிளெமான்சோவுடையது. ஸோலா போட்ட தலைப்பு, குடியரசுத் தலைவருக்குக் கடிதம் என்ற சாதாரணத் தலைப்புதான். கடைசிப் பத்தி மேலே ஏறித் தலைப்பாக உட்கார்ந்த அதிசயம், உதவி ஆசிரியராக இருந்தவனுக்குத்தான் முழுசாகப் புரியும்.

ஸோலா கேட்டபடியே வழக்கு வந்தது. பிப்ரவரி 23 அன்று ஓராண்டுச் சிறை, 3,000 ஃபிராங்க் அபராதம். ஜூலையில் இங்கிலாந்துக்குத் தப்பிப் போனார். டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று 1906இல் இறுதியாகத் தீர்ப்பானபோது ஸோலா உயிரோடு இல்லை.

நான் இதில் கவனிப்பது துணிச்சலை மட்டுமல்ல. ஸோலா தன் முடிவுரைக்கு ஒரு விலை வைத்தார். என் பேச்சு பொய் என்றால் நான் இன்னதை இழக்கத் தயார் என்று சொல்பவரை நம்பாமல் இருப்பது கஷ்டம். மண்டேலாவும் அதைத்தான் செய்தார். 1964 ஏப்ரல் 20, பிரிட்டோரியா. தூக்குத் தண்டனை கிடைக்கக்கூடிய வழக்கில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசினார். உரையை முன்கூட்டியே படித்த வழக்கறிஞர் பிராம் ஃபிஷர், கடைசிப் பத்தியை மாற்றச் சொல்லி மன்றாடினார். சாகவும் தயார் என்று நீங்களே சொன்னால் நீதிபதிக்கு வேலை சுலபமாகிவிடும் என்பது அவர் பயம். மண்டேலா மறுத்தார். ஜார்ஜ் பிசோஸ் என்ற இன்னொரு வழக்கறிஞரின் யோசனைப்படி ‘தேவைப்பட்டால்’ என்ற ஒரு சொல்லை மட்டும் சேர்க்க ஒப்புக்கொண்டார். மூன்று மணி நேரமும் தாளைப் பார்த்து வாசித்தவர், அந்தக் கடைசி வரிகளுக்கு வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு நீதிபதியை நேராகப் பார்த்துச் சொன்னார். ஜூன் 12 அன்று தூக்கு வரவில்லை, ஆயுள் தண்டனை வந்தது. அந்த ஒரு சொல்லால்தான் உயிர் தப்பியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு முடிவுரையின் ஒற்றைச் சொல்லுக்காக வழக்கறிஞர்கள் இவ்வளவு போராடினார்கள் என்பதை, ‘காலத்தின் கட்டாயம்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

உணர்ச்சி வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் பேச்சுக் கலை கற்பித்த குவின்டிலியன் பன்னிரண்டு பகுதிகளில் ஒரு நூல் எழுதினார். ஆறாம் பகுதியின் முதல் அத்தியாயமே முடிவுரையைப் பற்றித்தான். அதில் இரண்டு வேலை உண்டு என்கிறார்: சொன்னதைத் தொகுத்துச் சொல்வது, கேட்பவரின் உணர்ச்சியைத் தொடுவது. தொகுத்துச் சொல்லும் வேலை, ஒரு நாள் முழுக்க வாய்வழியாக வாதாடிய ரோமாபுரி வழக்கறிஞருக்குத் தேவை. நீதிபதி பாதி மறந்திருப்பார். எண்ணூறு சொல் கட்டுரையில் ‘இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால்’ என்று எழுதுவது, ஒரு நிமிடத்துக்கு முன் சொன்னதை மறந்துவிட்டாய் என்று வாசகரைப் பார்த்துச் சொல்வது போலத்தான்.

உணர்ச்சி விஷயத்தில் அவர் ஒரு கதை சொல்கிறார். ஒரு வழக்கறிஞர், முடிவுரையில் நீதிபதிகள் மனம் உருக வேண்டும் என்பதற்காக ஒரு சிறுவனை அழைத்து வந்து நிறுத்தினார். பையன் அழுதான். ‘ஏன் அழுகிறாய்?’ என்று அவனையே கேட்டார், உருக்கமான பதிலை எதிர்பார்த்து. ‘வாத்தியார் கிள்ளுகிறார்’ என்றான் பையன்.

நம் முடிவுரைகளில் கிள்ளி வரவழைத்த அழுகை எவ்வளவு! கட்டுரை முழுக்கச் சாலை விபத்துப் புள்ளிவிவரம். கடைசியில் திடீரென்று ஒரு குழந்தை ‘அப்பா எப்ப வருவாரு?’ என்று கேட்கும். அந்தக் குழந்தை நடுவில் எங்கும் இல்லை. முடிவுக்காக வாடகைக்கு அமர்த்தப்பட்ட குழந்தை. எதிர்மாறாக, சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் கண்ணகி கடைசியில் வைப்பது கண்ணீரை அல்ல, சான்றை. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டுகிறாள், அவ்வளவுதான். முடிவுரையில் புதிதாக எதுவும் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்துகிறவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

மேடைப் பேச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘இறுதியாக ஒன்று’ என்பார்கள். அதற்குப் பிறகு இருபது நிமிடம். பட்டிமன்றத்தில் நடுவர் எழுந்ததும் தீர்ப்பு இரண்டு பக்கமும் நிற்கப்போகிறது என்பது கூட்டத்துக்குத் தெரியும். அங்கே நாம் தீர்ப்புக்காக உட்கார்ந்திருப்பதில்லை, அதனால் குறையும் இல்லை.

‘நாம்’ என்று முடிப்பதே தவறு என்றும் சொல்லிவிட முடியாது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசிய கடைசி உரை ‘நாம்’ என்றுதான் முடிகிறது. சுதந்திரம் வந்துவிட்டது, இனி எது தவறினாலும் ஆங்கிலேயரைக் குறைசொல்ல முடியாது, நம்மைத் தவிர யாரையும் குறைசொல்ல முடியாது என்றார். மறுநாள் அந்த மண்டபத்தில் அரசியல் சட்டத்தை ஏற்கப்போகிறவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிவிடலாம். எண்ணக்கூடிய ‘நாம்’ அது. பேசியவரும் அந்த எண்ணிக்கையில் இருந்தார்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். நம் மாணவர்களுக்கு இப்படி எழுதத் தெரியாது என்று நினைத்தால் தப்பு. பத்தாம் வகுப்புத் தமிழில் கடிதம் எழுதும் பயிற்சி ஒன்று உண்டு: உணவு விடுதியில் தரமற்ற உணவை அதிக விலைக்குக் கொடுத்தார்கள், உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுது. அந்தக் கடிதத்தைப் பிள்ளைகள் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? என்று சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன், ரசீதை இணைத்துள்ளேன், விடுதியை ஆய்வு செய்யுங்கள். கச்சிதமாக இருக்கும். அதே பிள்ளை அடுத்த பக்கத்தில் கட்டுரைக்குப் போய், முன்னுரையில் தொடங்கி முடிவுரைக்கு வரும்போது ‘எனவே நாம் அனைவரும்’ என்று எழுதுகிறது. மேலே பெறுநர் என்ற சொல் இருந்ததும் இல்லாததும்தான் வித்தியாசம். மதிப்பெண்ணும் ‘முடிவுரை’ என்ற துணைத்தலைப்பு இருக்கிறதா என்று பார்த்துப் போடப்படுகிறது. கீழே இருப்பதை வாசிக்கத் திருத்துபவருக்கு நேரமில்லை. ஒரு நாளில் எத்தனை தாள் என்பது அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

ஆகவே பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளைத் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு: வரும் பொதுத்தேர்வில் கட்டுரை வினாவின் குறிப்புச் சட்டகத்தில் ‘முடிவுரை’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, அங்கே ஒரு பெறுநரின் பெயரைப் போடுங்கள். ஊராட்சித் தலைவர், பேருந்துப் பணிமனை மேலாளர், பள்ளித் தலைமையாசிரியர், யாராக இருந்தாலும் சரி. அவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தால் இரண்டு மதிப்பெண் கொடுங்கள். அப்படி எழுதப்பட்ட கட்டுரைகளில் பத்து எனக்கு வந்தால், பெயரில்லாமல் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன். கடைசிப் பத்தியை வெட்ட மாட்டேன்.